திருத்திக் கொடுத்த கதை

நம் ஹைதராபாத் ஞாயிற்றுக்கிழமைக் கதை வட்டத்து நண்பர்களே, "நான் கதை எழுதும் விதம்" என்று ஆளுக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். போன வாரம் பேகம்பேட்டில் கூடியபோது சிலர் படிக்கவும் படித்தார்கள். ஒருவருக்கு விடியற்காலைக் காபி உள்ளே போனால்தான் கதை வருகிறது. இன்னொருவருக்கு மழை பெய்ய வேண்டும். மற்றொருவருக்குப் பேரன் தூங்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அப்படி இனிப்பாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள், தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள். ஒருத்தியின் கோபத்தைக் கேட்டுவிட்டுப் போவதில் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் படித்த கதை உப்பல் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நடக்கிறது. நம் அமைப்பாளர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கு மேடம். ஆனா தமிழ் மண் வாசனை கொஞ்சம் கம்மி. இதையே உங்க சொந்த ஊர்ல நடக்கற மாதிரி மாத்துனா எங்கயோ போயிடும். குடுங்க, நான் பாத்துத் தர்றேன்." அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. டீ வருவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன், நீங்களும் பார்த்தீர்கள். நல்ல மனிதர், பாவம். அந்தப் பேச்சை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு தார்நாகாவில் இருந்தது.

அப்பா அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. குடியிருப்பு முழுக்க விஞ்ஞானிகள்தான். மதியம் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வெயிலில் காயும் மாங்காய் வற்றலும், கூலரில் நனைந்த வெட்டிவேரும், எங்கள் வீட்டில் மட்டும் மை வாசனையும் அடிக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக் கருவிகள் ஓயாமல் சிவப்பு மையில் கோடு கிழிக்கும் நீளக் காகிதச் சுருள்களை, வேலை முடிந்ததும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் சிவப்பு அலை, கட்டம் கட்டமான வரிகள். மறு பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் அம்மா கதை எழுதுவார்.

அம்மா நின்றுகொண்டுதான் எழுதுவார். அடுப்பு மேடையின் ஓரத்தில் சுருளை விரித்து, அது மறுபடி சுருண்டுகொள்ளாமல் ஒரு பக்கம் பூரிக்கட்டையையும் ஒரு பக்கம் உப்பு ஜாடியையும் வைத்துக்கொள்வார். ஏன் உட்காரக்கூடாது என்று கேட்டேன். "உக்காந்தா சும்மா இருக்கறேன்னு யாராச்சும் கூப்பிடுவாங்க கண்ணு. நின்னா சமைக்கறேன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். பிடிக்காத வரியை அடிக்க மாட்டார். கத்தரிக்கோலால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு முனையையும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவார். அதனால் அம்மாவின் கதைகளுக்கு எறும்பு வரும். ஆட்களுக்குப் பெயர் வைக்க மாட்டார். பெயர் வைத்தால் அந்தப் பெயர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்களாம்.

எழுதி முடித்த பகுதியை எனக்குப் படித்துக் காட்டுவார். எனக்கு அப்போது தமிழ் எழுத்துத் தெரியாது. காதில் விழுந்தால் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும், கோபம் வந்தால் ஹிந்தியில். அது அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் எந்த இடத்தில் காலை ஆட்டுகிறேன் என்று பார்த்துக்கொண்டே படிப்பார். கால் ஆடினால் அந்த இடத்துக்குக் கத்தரிக்கோல் வரும்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா எழுத நினைத்தது ஒரு பெண்ணைப் பற்றி. எங்கள் குடியிருப்பு மாதிரி ஒன்றில் இருக்கிற பெண். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி செகந்திராபாத் போய், இரானியர்கள் நடத்தும் ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தக் காலத்தில் எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்கள் இரானி ஹோட்டல் வாசலை மிதித்ததில்லை. ஆண்களே உள்ளே போய்விட்டு, வெளியே வந்ததும் வீட்டில் வாசனை தெரியாமலிருக்கப் பாக்கு மெல்லுவார்கள்.

அம்மாவின் வழக்கம் என்னவென்றால், கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார். முதல் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். ஹோட்டலுக்கு எதிர்ப் பக்க நடைபாதையில் வெயிலில் நின்று, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். எனக்கு ஒரு சர்பத் கிடைத்தது. அடுத்த தடவை உள்ளேயே போனோம். திரைச்சீலை போட்ட ஃபேமிலி ரூம், பளிங்குக் கல் மேஜை, சாஸரில் சிந்திய டீ, வாயில் போட்டதும் கரைகிற உப்பும் இனிப்புமான பிஸ்கட். வீட்டுக்கு வந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை.

"நீ கூட இருந்தயல்ல, அது தனியா போன மாதிரி ஆகாது சாமி" என்றார்.

மூன்றாம் தடவை என்னைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். "அப்பாகிட்டச் சொல்லோணுமா?" என்று கேட்டேன். எனக்கு வந்த தமிழெல்லாம் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் வரும். அம்மா கொஞ்சம் யோசித்தார். "சொல்லோணும்னு ஒண்ணுமில்ல" என்றார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பு மேடையில் நின்று எழுத ஆரம்பித்தார். ஆன்ட்டி வீட்டிலிருந்து வந்த நான் பார்த்தபோது சுருள் மேடையைத் தாண்டித் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

படித்துக் காட்டினார். அந்தப் பெண் ஃபேமிலி ரூமுக்குப் போகாமல் நடு ஹாலில் உட்காருகிறாள். டீ வருகிறது, குடிக்கிறாள். எழுந்து கிளம்புகிறாள். நான் காலை ஆட்டவில்லை, ஆனால் எனக்கு எதுவோ போதவில்லை. "இங்கொக சாய் தாகனீ" என்றேன், இன்னொரு டீ குடிக்கட்டுமே என்று. அம்மா என்னையே பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார். அந்தப் பெண் கிளம்புகிற இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு ஒட்டினார். சர்வர் வந்து, "ஔர் ஏக் லாவூம், அம்மா?" என்று கேட்கிறான், இன்னொன்று கொண்டுவரட்டுமா என்று. முதல் டீ தாகத்துக்குக் குடித்தது. இரண்டாவது வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருமில்லை. "ஹவ்" என்கிறாள் அவள். அந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் அந்த ஊர்ப் பாஷையில் அவள் ஆமாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று அம்மா எழுதினார். கடைசியில் வீட்டுக்கு வருகிறாள், புருஷன் எங்கே போனாய் என்று கேட்கிறான், எங்கேயும் இல்லை என்கிறாள். அரிசி களைகிறாள். கதை முடிந்தது. அன்றைக்கு என்னைத் தூக்கிச் சுற்றுகிற வயதை நான் தாண்டியிருந்தும் அம்மா தூக்கிச் சுற்றினார்.

இனிமேல்தான் என் கோபம்.

குடியிருப்பில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. ஆடி போய் ஆவணி வந்தால் ஆண்டு விழா, விழாவுக்கு ஒரு மலர். செயலாளர் அங்கிள் அப்பாவின் ஆபீஸிலேயே நிர்வாகப் பிரிவு அதிகாரி, தஞ்சாவூர் ஜில்லாக்காரர். மலரில் மகளிர் பக்கத்துக்குக் கோலமும் சமையல் குறிப்பும் தவிர ஒன்றும் வரவில்லை என்று அவர் அப்பாவிடம் குறைப்பட்டிருக்கிறார். எங்கள் அப்பாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. அலமாரியிலிருந்த சுருளை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் கேட்கவில்லை, சந்தோஷ ஆச்சரியம் கொடுக்கிறாராம். அதையாவது மன்னிக்கலாம். அவர் படிக்காமல் கொடுத்தார். பெண்டாட்டி ஒரு கோடை முழுக்க நின்று எழுதியது, சாப்பிட உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஒரு வரி படிக்கவில்லை. தன் கருவி கிழித்த சிவப்புக் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதர், அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

செயலாளர் அங்கிள் படித்தார். படித்துவிட்டுத் திருத்தினார்.

விழா நாளன்று அம்மா வெந்தயக் கலர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். காலையில்தான் அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மாவின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் மெல்லச் சிவந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சந்தோஷமும் இருந்தது அந்த முகத்தில். அச்சில் வரப்போகிறதே. மேடையில் செயலாளர் அங்கிள், "பெண்கள் கூச்சப்படுவாங்க, அதனால நானே படிக்கிறேன்" என்று ஆரம்பித்தார்.

ஓர் ஊர். ஊருக்கு ஓர் ஆறு. ஆற்றங்கரையில் அரசமரம். மாட்டு வண்டியின் மணிச் சத்தம். ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் வண்டி கட்டிக்கொண்டு அக்கரைக் கோயிலுக்குப் போகிறாள். கோயம்புத்தூரில் மில் லைன் வீட்டில் பிறந்து, மில் சங்கு கேட்டு எழுந்து, சைக்கிள் மணிக்கு ஒதுங்கி வளர்ந்தவர் எங்கள் அம்மா. மாட்டு வண்டியில் ஏறியதே கிடையாது. அம்மா எழுதிய "போகோணும்", "வந்தனுங்க" எல்லாம் தஞ்சாவூர்ப் பேச்சாகிவிட்டிருந்தது. டீ பிரசாதமாகிவிட்டது. இரண்டாவது டீ காணவே காணோம். சர்வர் போய்க் குருக்கள் வந்துவிட்டார். கடைசியில் அந்தப் பெண் வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்து அழுகிறாள். அவன் பெருந்தன்மையோடு தூக்கி நிறுத்துகிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆசையாகக் குரங்கு பிடித்து வைத்தவளிடம் அதைப் பிடுங்கிப் பிள்ளையாராக்கிக் கொடுத்த கதை இது.

"இதி மன கத காது கதா, அம்மா" என்றேன் சத்தமாக, இது நம்ம கதை இல்லையே என்று. அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகமாகத் தட்டியது அப்பா. முன் வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹைதராபாத்தில் தண்ணீர் லாரி பின்னால் பக்கெட்டோடு ஓடுகிற கூட்டம், இல்லாத ஆற்றுக்காக அழுதது.

விழா முடிந்து போண்டாவும் காபியும் கொடுத்தார்கள். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். செயலாளர் அங்கிள் வந்தார். முதலில் சாதாரணமாகத்தான் பேசினார். "தமிழ் மண் வாசனை இல்லாம இருந்துச்சும்மா. கொஞ்சம் மாத்தினேன், எங்கயோ போயிடுச்சு பாத்தீங்களா?" அப்புறம் குரலை இறக்கினார். "சார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலம்மா. பயப்படாதீங்க. இனிமே பாத்து இருங்க."

"அது கதைங்க" என்றார் அம்மா.

"கதைதாம்மா, நானும் அதத்தானே சொல்றேன்" என்று சிரித்துவிட்டுப் போண்டா எடுக்கப் போனார்.

அம்மா கையிலிருந்த காபி ஆறி ஏடு கட்டும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பத்து வயதில் எனக்கு அந்தப் பேச்சு பாதிதான் புரிந்தது. மீதி புரிந்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. அந்த ஆள் கதையைப் படிக்கவில்லை, துப்புத் துலக்கியிருக்கிறார். ஒரு பெண் எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். அதை அவர் மூடி மறைத்து, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டார். பெரிய மனது பண்ணியதற்காக நன்றியும் எதிர்பார்த்தார். அம்மா நிஜமாகவே போனார் என்பது வேறு விஷயம். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு யார் கொடுத்தது?

வீட்டுக்கு வந்து அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அந்தச் சுருளு எங்கீங்க?"

"அவருகிட்ட இருக்கும். அதான் அச்சுல வந்திருச்சே, இனி அது எதுக்கு?" என்றார் அப்பா.

சுருள் திரும்பி வரவில்லை. அம்மா அதற்குப் பிறகு எழுதவில்லை. அப்பா புதுச் சுருள்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். "ஏன் இப்ப எழுதறதில்ல? உன்ற கதைய எல்லாரும் கேக்கறாங்க" என்பார், உண்மையான வருத்தத்தோடு. "நேரமில்லீங்க" என்பார் அம்மா. சுருள்கள் பரண்மேல் ஏறிப் பழுப்பு நிறமாகின. அம்மா மீதும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஒளித்து வைத்து எழுதியிருக்கலாம். எனக்கு மட்டும் வாயால் சொல்லியிருக்கலாம். எத்தனையோ கோடை வந்தது, நானும் அந்த அடுப்பு மேடைப் பக்கம் போய்க் காலை ஆட்டாமல் நின்று பார்த்தேன். குழம்பு கொதித்தது, அவ்வளவுதான்.

இப்போது என் எழுதும் விதத்தைச் சொல்கிறேன், கேட்டீர்களே. நாற்பது வயதுக்கு மேல் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். நான் உட்கார்ந்துதான் எழுதுவேன், அதுவும் ஹால் நடுவில், டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். கதை நடக்கும் இடத்துக்கு முதலில் தனியாகப் போய் வருவேன். என் ஆட்களுக்கும் பெயர் கிடையாது. ஆறு வராது, அரசமரம் வராது. நான் வாழ்ந்த ஊர் இது. எனக்கு மண் வாசனை என்றால் தார்நாகாவில் முதல் மழைக்குத் தார் ரோட்டிலிருந்து எழும்பும் ஆவிதான். எழுதியதை யாரிடமும் பார்த்துத் தரச் சொல்லிக் கொடுக்க மாட்டேன். படிப்பேன், பிடிக்காவிட்டால் காலை ஆட்டுங்கள், போதும்.

இரண்டு வருடம் முன்பு அம்மா காலமானார். சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள், ஞாயிறு காலை. பாதி நாற்காலி காலி. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றவர்கள் வாக்கரில். செயலாளர் அங்கிளையும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். அவர் மடியில் பழைய மலர். "இந்தம்மாவ எழுத்தாளரா ஆக்கினது நான்தான்" என்று மைக்கில் சொல்லிவிட்டு அந்தக் கதையைப் படித்தார். ஆறு, அரசமரம், வண்டி மணி, காலில் விழுதல். அம்மா எழுதாத கதை அம்மாவின் படத்துக்கு முன்னால் படிக்கப்பட்டது. மறுபடியும் யாரோ கண்ணைத் துடைத்தார்கள்.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். "அது அவர் எழுதினது. எங்கம்மா எழுதினத நான் சொல்றேன்" என்றேன். சொன்னேன். பஸ், நடைபாதை, நடு ஹால், பளிங்கு மேஜை, சர்வர், "ஹவ்", எங்கேயும் இல்லை, அரிசி. அம்மாவின் கோயம்புத்தூர்த் தமிழிலேயே சொன்னேன், வராத இடத்தில் தெலுங்கு வந்தது. பொய் கலக்கவில்லை. எழுதுவதற்காக அம்மா தனியாகப் போய் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். செயலாளர் அங்கிள் காது மெஷினைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது, எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவை.

அவருக்கு அப்போது எண்பத்தெட்டு. முதல் முறையாகத் தன் மனைவியின் கதையைக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். நான் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார். கண் நிறைந்திருந்தது.

"என்னையக் கூப்பிட்டிருந்தா நானும் கூடப் போயிருப்பனே கண்ணு" என்றார்.

"அதனாலதாம்பா கூப்பிடல" என்றேன்.